ஜெர்டன் துரையும் களாப்புதர்க் கோழியும்

(திருச்சியில் ஒரு நூலக வாசகர் கூட்டத்தில் பேசியது)

மதிப்பிற்குரிய தலைவர் ஐயா அவர்களே, வருவாய்த்துறையிலிருந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வட்டாட்சியர் அம்மா அவர்களே, வனச்சரக அலுவலர் அவர்களே, கல்லூரி விலங்கியல் துறைப் பேராசிரியர் அவர்களே, இந்த நூலகத்தைத் தன் வீடு மாதிரி பார்த்துக்கொள்ளும் நூலகர் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

தலைவர் ஐயாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் என்னால் தொடங்க முடியாது. எனக்கு எட்டாம் வகுப்பில் அறிவியல் எடுத்தவர் அவர். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த பொட்டலுக்கு எங்களை அழைத்துப் போய், ஆள்காட்டிக் குருவியின் முட்டையைக் காட்டினார். கூழாங்கல்லுக்கு நடுவில் கூழாங்கல்லாகவே அது கிடந்தது. "மிதிச்சிடாதீங்கடா" என்று அவர் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. வட்டாட்சியர் அம்மா இவ்வளவு வேலைக்கு நடுவில் வந்திருப்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. அவர்கள் அலுவலகத்துக்கும் இன்றைய பேச்சுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். வனச்சரக அலுவலர், சால்வை வேண்டாம், புத்தகம் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார். அந்தப் பழக்கம் எல்லா மேடைக்கும் வர வேண்டும்.

சரி. தாமஸ் கேவர்ஹில் ஜெர்டன் என்ற வெள்ளைக்காரப் பட்டாள மருத்துவரைப் பற்றி மூன்று விஷயம் பேசலாம் என்று வந்திருக்கிறேன். ஒன்று, அவர் வாழ்க்கை. இரண்டு, அவர் எழுதிய நூல்கள். மூன்று, அவர் கையில் இருந்த துப்பாக்கி. அந்தக் காலத்தில் ஒரு பறவையை ஆராய வேண்டும் என்றால் முதலில் சுட வேண்டும். அது சரியா தவறா என்று பேச வேண்டும்.

அதற்கு முன்னால் ஒரு பழமொழி. என் பாட்டி வாரம் ஒரு தடவையாவது சொல்வார்: "சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும்." நாங்கள் சாப்பிடாமல் விளையாட ஓடும்போது சொல்வார். உடம்புதான் சுவர் என்று அவருக்கு அர்த்தம். எனக்கு இந்தப் பழமொழி வேறு ஓர் இடத்தில் போய் ஒட்டிக்கொண்டது.

ஜெர்டன் 1811-இல் இங்கிலாந்தின் டர்ஹாம் பகுதியில் பிறந்தவர். எடின்பரோவில் மருத்துவம் படித்தார். கிழக்கிந்தியக் கம்பெனியில் உதவி சர்ஜனாகச் சேர்ந்து 1836-இல் சென்னைக்கு வந்து இறங்கினார். முதலில் அவரை அனுப்பிய இடம், இன்றைய ஒடிசாவில் இருக்கும் கஞ்சம். அங்கே பட்டாளத்தைப் பகைவர் தாக்கியதைவிடக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் அதிகம் தாக்கின. ஒரு பக்கம் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே, மறுபக்கம் கிழக்குத் தொடர்ச்சி மலைப் பறவைகளைக் குறித்து வைக்க ஆரம்பித்தார். அடுத்த ஆண்டு 2-ஆம் குதிரைப்படையில் சேர்ந்தார். அந்தப் படை அப்போது இருந்த ஊர் திருச்சிராப்பள்ளி. நாம் கூடியிருக்கும் இதே ஊர்தான் ஐயா! குதிரைப்படை ஊர் மாறும்போதெல்லாம் அவரும் மாறினார். தக்காணத்தில் ஜால்னா, பிறகு நீலகிரி, நெல்லூர், தலைச்சேரி. 1857 கிளர்ச்சியின்போது மத்திய இந்தியாவில் சாகர் என்ற ஊரில் இருந்தார். கடைசியில் சர்ஜன் மேஜராக ஓய்வு பெற்றார். ஊர் திரும்பி, 1872-இல் இறந்தார்.

நீலகிரிக் காலத்தை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1841-இல் ஃப்ளோரா மக்லியாட் என்ற பெண்ணை மணந்தார். அந்த அம்மாவுக்குச் செடிகொடிகளை, அதிலும் ஆர்க்கிட் மலர்களை வரைவதில் ஆர்வம். உதகைச் சோலைக்காட்டில் இன்று நாம் பார்க்கும் நீலகிரிச் சிரிப்பானுக்கும், கருப்பும் ஆரஞ்சுமாக இருக்கும் அந்தச் சின்ன ஈப்பிடிப்பானுக்கும் அறிவியல் பெயர் வைத்தவர் ஜெர்டன். இரண்டும் உலகத்தில் நம் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறு எங்கும் கிடையாது.

இவருக்கு ஒரு பெரிய அடி விழுந்தது. சேர்த்த பறவைத் தோல்களையெல்லாம் அடையாளம் கண்டு சொல்லும்படி ஸ்காட்லாந்தில் இருந்த ஜார்டைன் என்ற பெரிய அறிஞருக்குக் கப்பலில் அனுப்பினார். போய்ச் சேர்ந்தபோது பூச்சி அரித்திருந்தது. மாதக்கணக்கான உழைப்பு. நல்லவேளையாக, ஒவ்வொன்றிலும் இன்னொரு தோலைத் தன்னிடமே வைத்திருந்தார். அதற்குப் பிறகு யாரையும் எதிர்பார்க்காமல், தானே அடையாளம் கண்டு, தென்னிந்தியப் பறவைகளின் பட்டியலைச் சென்னையில் வந்துகொண்டிருந்த ஓர் ஆய்விதழில் வெளியிட்டார். அப்புறம் 1843 முதல் 1847 வரை 50 வண்ணப் படங்களோடு ஒரு நூல் சென்னையிலேயே வந்தது. அந்தப் படங்களுக்கு மூல ஓவியம் வரைந்தவர்கள் நம் நாட்டு ஓவியர்கள். சித்திரம் எழுதிய கை நம்முடைய கை. ஆனால் புத்தகத்தின் முகப்பில் ஜெர்டன் பெயர் மட்டும்தான் இருக்கிறது. இதைச் சொல்லாமல் அவரைப் புகழ என் மனசு ஒப்பவில்லை.

பெரிய நூல் 1862-க்கும் 1864-க்கும் இடையில் வந்தது. இந்தியாவின் பறவைகள் எல்லாவற்றையும் ஒரே நூலில் அடக்கப் பார்த்தார். அதில் எத்தனை இனங்கள் தெரியுமா? 1008! நம் ஊரில் அர்ச்சனைக்கு வைத்த எண் மாதிரி அமைந்துவிட்டது. சார்லஸ் டார்வின் 1871-இல் மனிதனின் தோற்றத்தைப் பற்றி எழுதிய நூலில் இவரைத் திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டுகிறார். பறவையோடு நிறுத்தினாரா என்றால் அதுவும் இல்லை. பாலூட்டிகளுக்கு ஒரு நூல், தென்னிந்திய எறும்புகளுக்கு ஒரு பட்டியல். குதித்துப் போய் இரையைப் பிடிக்கும் ஓர் எறும்பு நம் காடுகளில் இருக்கிறது, அதற்குப் பெயர் வைத்தவரும் இவர்தான். நூல்களைப் பற்றிப் பேராசிரியர் ஐயா என்னைவிட நன்றாகச் சொல்வார். நான் நெல்லூருக்குப் போகிறேன்.

நெல்லூரில் ஜெர்டன் சிவில் சர்ஜனாக இருந்தார். அங்கே யானாதி என்ற பழங்குடி மக்களோடு பழகி, பறவைகளின் பெயரையும் பழக்கத்தையும் அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். எந்தப் புதரில் எது அடையும், எது இரவில் கத்தும் என்பதெல்லாம் அவர்களுக்குப் பாடம் படிக்காமலே தெரியும். நெல்லூர், கடப்பை பக்கத்து முள்ளுக்காட்டிலிருந்து ஒரு பறவை ஜெர்டன் கைக்கு வந்தது. கால் நீளம், உடம்பு மண் நிறம், மார்பில் இரண்டு பட்டை, கழுத்தில் காவி நிறத்தில் ஒரு திட்டு. பறப்பதைவிட ஓடுவதில் கெட்டி. 1848-இல் கல்கத்தாவில் இருந்த பிளைத் என்ற அறிஞர் அதை உலகத்துக்கு அறிவித்தார். இன்று அதன் ஆங்கிலப் பெயரில் ஜெர்டன் இருக்கிறார். தெலுங்கில் அதன் பெயர் 'கலிவி கோடி'. கோடி என்றால் கோழி. கலிவி என்றால் வேறு ஒன்றும் இல்லை, நம் களாச்செடி! களாக்காய் ஊறுகாய் போடாத வீடு இங்கே உண்டா? அந்தக் களாப்புதரின் கோழி. எந்தச் சுவரில் எழுதிய சித்திரம் என்பதைப் பெயரிலேயே வைத்திருக்கிறார்கள் அந்த மக்கள்.

இப்போது கதைக்கு வருகிறேன், கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். 1900-இல் ஹோவர்ட் கேம்ப்பெல் என்பவர் அனந்தப்பூர் பக்கம் இந்தப் பறவையைப் பார்த்தார். அதோடு சரி. 1910-இல் இல்லை, 1930-இல் இல்லை, நாடு விடுதலை அடைந்தபோது இல்லை. தேடிப் போனவர்கள் எல்லாம் வெறுங்கையோடு திரும்பினார்கள். அழிந்துவிட்டது என்று ஏறக்குறைய முடிவே கட்டிவிட்டார்கள். 86 வருடம்! ஒரு குழந்தை பிறந்து, கொள்ளுப்பேரனைப் பார்த்துவிட்டுப் போகிற காலம்.

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்வாளர் பாரத் பூஷண் 1980-களில் கடப்பை மாவட்டத்துக்கு வருகிறார். அவர் செய்த புத்திசாலித்தனமான காரியம், பறவையின் படத்தை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் வேட்டைக்காரர்களிடமும் ஆடு மேய்க்கிறவர்களிடமும் காட்டியதுதான். ஜெர்டன் யானாதிகளிடம் கேட்ட மாதிரியே. பெரிய அறிஞர்கள் பகலில் தேடினார்கள். பறவையோ இரவில் நடமாடுகிறது. பகல் முழுக்கப் புதரடியில் மண்ணோடு மண்ணாக இருந்தால் யார் கண்ணுக்குப் படும்? இரவில் முள்ளுக்காட்டில் நடக்கிறவன் யார்? டார்ச் லைட் வைத்துக்கொண்டு போகும் ஊர் வேட்டைக்காரன்தான். சித்தவட்டத்துக்குப் பக்கத்தில் ரெட்டிபள்ளி என்ற ஊர். 1986 ஜனவரி. ஐத்தன்னா என்ற வேட்டைக்காரர் இரவில் வெளிச்சம் அடிக்கிறார். வெளிச்சத்தில் ஒரு பறவை கண் கூசி நிற்கிறது. படத்தில் இருந்த அதே இரண்டு பட்டை. வேறு யாராக இருந்தாலும் குழம்புக்குப் போயிருக்கும். ஐத்தன்னா அதை உயிரோடு பிடித்துக் கொண்டுவந்தார்.

செய்தி போனதும் சாலிம் அலி புறப்பட்டு வந்தார். அப்போது அவருக்கு 89 வயது. இந்தியப் பறவைகள் என்றாலே அவர் பெயர்தான். அவரும் இந்தப் பறவையை எத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தாரோ! ஆனால் அவர் வந்து சேர்வதற்குள் பறவை இறந்துவிட்டது. அடுத்த ஆண்டு ஜூன் மாதம் அவரும் காலமானார். இதை எந்த ஊரில் சொன்னாலும் கூட்டம் ஒரு நிமிடம் அமைதியாகிவிடும். நீங்களும் அமைதியாகிவிட்டீர்கள்.

பறவை கிடைத்ததால் லங்கமலைக் காட்டைச் சரணாலயம் ஆக்கினார்கள். பிறகு வந்த ஆய்வாளர்கள் புதருக்கு இடையில் மண்ணைச் சமப்படுத்தி வைத்துக் காலடித் தடம் எடுத்தார்கள். தானியங்கிக் கேமரா வைத்தார்கள். அதில் ஒன்று தெரியவந்தது. ஒரு ஹெக்டேரில் 300 முதல் 700 வரை உயரமான புதர் இருக்கும் இடம்தான் இதற்குப் பிடிக்கும். புதர் அடர்ந்தாலும் ஆகாது, வெட்டி வழித்தாலும் ஆகாது. அளவாக ஆடு மேய்ந்து, அளவாக முள் வெட்டிய காடு. மனிதன் கால் படாத காடு வேண்டும் என்று இது கேட்கவில்லை. நம் தாத்தாமார் ஆடு ஓட்டிய காடே போதும் என்கிறது.

அந்தச் சுவருக்கு வந்த ஆபத்தில் நமக்கும் பங்கு உண்டு. 2005-இல் அங்கே வெட்டத் தொடங்கிய கால்வாய், தெலுங்கு கங்கைத் திட்டத்தின் கால்வாய். கிருஷ்ணா நீரைப் பூண்டி ஏரிக்குக் கொண்டுவரும் அதே திட்டம். சென்னையில் இருக்கும் நம் பிள்ளைகள் குடிக்கும் தண்ணீர். ஆய்வாளர்களும் ஆர்வலர்களும் போராடி, கால்வாயின் பாதையை மாற்ற வைத்தார்கள். தண்ணீரும் வருகிறது. மனம் வைத்தால் இரண்டும் நடக்கும்.

துப்பாக்கியைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். அதற்கு இன்னொரு கூட்டம் வேண்டும். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: மான்ஸ்ஃபீல்ட் என்ற ஓர் ஆங்கிலேயர் 1809 முதல் 1829 வரை அகமதுநகர் மாவட்டத்தில் மட்டும் புல்வெளியில் வாழும் பெரிய பறவையான கானமயில்கள் 961-ஐச் சுட்டதாகப் பதிவு இருக்கிறது. அவ்வளவு சுட்ட பிறகும் ஜெர்டன் காலத்தில் தக்காணத்தில் கானமயில் இருந்தது. இன்று நாடு முழுவதும் சேர்த்தே 200-ஐத் தாண்டாது. துப்பாக்கி சித்திரத்தைக் கிழித்தது. புல்வெளியை உழுது, வேலி போட்டு, மின்கம்பி இழுத்து நாம் சுவரையே இடித்துவிட்டோம்.

இப்போது வட்டாட்சியர் அம்மாவிடம் வருகிறேன். கம்பெனிக் காலத்தில் வரி தராத நிலத்துக்கு ஒரு பெயர் வைத்தார்கள்: தரிசு. தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு. ஜெர்டன் எந்தக் கம்பெனியின் சம்பளம் வாங்கினாரோ அதே கம்பெனியின் கணக்கு. அவர் பறவைகளைக் குறித்துக்கொண்டிருந்த அதே முள்ளுக்காட்டை, அவருடைய முதலாளிகளின் கணக்குப் புத்தகம் பயனற்ற நிலம் என்று எழுதிக்கொண்டிருந்தது. இன்றும் அரசாங்கம் வெளியிடும் தரிசு நில வரைபடத்தில் புதர்க்காடு ஒரு வகையாக இருக்கிறது. நம் முன்னோர் பாலையையும் ஒரு திணையாக வைத்து, அதற்கும் புறா, பருந்து, கழுகு என்று பறவைகளைச் சொன்னார்கள். நிலத்தை வீண் என்று சொல்லும் பழக்கம் அவர்களிடம் இல்லை.

எங்கள் ஊர் பெரம்பலூர்ப் பக்கம். ஊருக்குக் கிழக்கே மேய்க்கால் புறம்போக்கு. பாட்டி அங்கேதான் களாக்காய் பறிப்பார். கௌதாரி கூப்பிடும், காடை விருட்டென்று எழும்பும், வானம்பாடி நேராக மேலே ஏறிப் பாடிவிட்டுக் கீழே விழும். சில வருடங்களுக்கு முன்னால் ஓர் அமைப்பு வந்தது, நல்ல எண்ணத்தோடுதான் வந்தது. பொக்லைன் வைத்துப் புதரையெல்லாம் வழித்துவிட்டு, வரிசையாகக் குழி தோண்டி மரக்கன்று நட்டார்கள். மேளம் அடித்தார்கள், படம் எடுத்தார்கள். தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை. அடுத்த கோடையில் கன்று எல்லாம் காய்ந்தது. அதற்கடுத்த மழைக்குச் சீமைக்கருவேலம் ஏறிவிட்டது. இப்போது அங்கே ஆடும் போக முடியாது, கௌதாரியும் இல்லை. மரம் நட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஏரிக்கரையில் நடுங்கள், சாலையோரம் நடுங்கள், பள்ளிக்கூடத்தில் நடுங்கள். முள்ளுக்காட்டைக் கொன்று நட வேண்டாம். சுவர் இருந்தால்தான் சித்திரம்.

தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார், முடித்துக்கொள்கிறேன். எங்கள் ஊருக்கு அடுத்த கிராமத்தில் இன்னொரு மேய்க்கால் புறம்போக்கு மிச்சம் இருக்கிறது. களா, காரை, சூரை எல்லாம் இன்னும் நிற்கின்றன. அதையும் வழித்து மரம் நடப் போவதாகப் பேச்சு வந்திருக்கிறது. அதை மேய்ச்சல் நிலமாகவே, புதரோடு விட்டுவைக்க வேண்டும் என்று ஒரு மனு எழுதி வைத்திருக்கிறோம். புல எண், வரைபடம், ஊர்ப் பெரியவர்கள் சொன்ன 43 பறவைகளின் பெயர் எல்லாம் அதில் இருக்கின்றன. ஆடு மேய்க்கும் 11 குடும்பத்தாரும் கைநாட்டும் கையெழுத்தும் போட்டுவிட்டார்கள். வாசலில் நூலகர் மேஜையில் அது இருக்கிறது, பக்கத்தில் பேனாவும் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் நீங்கள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். வட்டாட்சியர் அம்மா கிளம்புவதற்குள் அதை அவர்கள் கையிலேயே கொடுத்துவிட ஆசைப்படுகிறேன்.

வணக்கம்.