ஓய்வுக்காலத்தில் மலையகத்தில் குடியேறினால் அலுத்துப் போகுமா? நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இந்தக் கேள்வி கனடாவிலிருந்து ஒரு ஐயா அனுப்பியது, சுருக்கிச் சொல்கிறேன். அவருக்கு 62 வயது, யாழ்ப்பாணத்தில் பிறந்து இளவயதிலேயே வெளிநாடு போனவர், அடுத்த வருஷம் ஓய்வு பெறுகிறார். இலங்கை மலையகத்தில் இருக்கிற எல்ல என்ற ஊர்ப் பக்கம் குடும்பத்தோடு சுற்றுலா வந்து போயிருக்கிறார். மலை ஏறுவதும் காட்டுப் பாதையில் நடப்பதும்தான் அவருக்கு உயிர். அங்கேயே ஒரு வீடு எடுத்து மனைவியோடு கடைசிவரை இருந்துவிடலாம் என்று ஆசை. ஆனால் கூட வேலை செய்கிற ஒருவர், ஆறே மாதத்தில் போரடித்துத் திரும்பி வந்துவிடுவாய் என்று சொல்லிவிட்டாராம். "நீங்கள் அங்கேயே பிறந்து வளர்ந்தவர், வருகிறவர்களை மலைக்குக் கூட்டிப் போகிறவர், உண்மையைச் சொல்லுங்கள், அலுக்குமா?" இதுதான் கேள்வி.

அலுக்கும் ஐயா. ஆனால் எது அலுக்கும், எது அலுக்காது என்று பிரித்துப் பார்த்தால்தான் உங்களுக்கு உதவும். ஒரே ஒரு மழைக்காலத்தைப் பார்த்துவிட்டு வீட்டைக் காலி செய்து போனவர்களையும் எனக்குத் தெரியும், வருஷக்கணக்காக இருந்து இன்றைக்கு எங்கள் ஆட்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்து நிற்கிறவர்களையும் தெரியும்.

எல்லயில் சுற்றுலா வருகிறவர் என்ன பார்க்கிறார்? சின்ன சிவனொளிபாதம், எல்லப் பாறை, தெமோதரைப் பக்கம் 1921இல் கட்டி முடித்த அந்த ஒன்பது வளைவுப் பாலம், இராவணா நீர்வீழ்ச்சி. நாலு நாளில் முடிந்துவிடும். கொஞ்சம் தள்ளி வந்தால் ஹப்புத்தளையில் லிப்டன் சீட், ஒஹியவில் இறங்கி ஹோர்ட்டன் சமவெளி. டிசம்பர் பௌர்ணமியிலிருந்து வெசாக் பௌர்ணமி வரைக்கும் சிவனொளிபாதமலை ஏறுகிற யாத்திரைப் பருவம். பெரிய நடைக்காரர்களுக்கு இப்போது பீக்கோ ட்ரெயில் இருக்கிறது, கண்டிப் பக்கம் ஹந்தானையில் தொடங்கித் தோட்டம் தோட்டமாகப் போய் நுவரெலியாவில் முடிகிற பாதை, 300 கிலோமீட்டருக்கு மேல், 22 கட்டம். வாரத்துக்கு ஒரு கட்டம் நடந்தாலும் ஐந்து மாதத்தில் முழுவதும் முடிந்துவிடும். அதற்குப் பிறகு உங்களுக்கு இருபது வருஷம், கடவுள் கொடுத்தால் இருபத்தைந்து வருஷம் இருக்கிறதே, அதை யோசியுங்கள். பார்க்க வேண்டிய இடங்கள் என்று ஒரு பட்டியலோடு வருகிறவர்களுக்கு உங்கள் நண்பர் சொன்ன ஆறு மாதம் சரியாகத்தான் இருக்கும்.

இதைப் பற்றி ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. டேவிட் ஷ்கேட், டேனியல் கானமன் என்ற இரண்டு பேர் 1998இல் வெளியிட்டது. கலிபோர்னியாவில் படிக்கிற மாணவர்களிடமும், அமெரிக்காவின் நடுப்பகுதியில், அந்தக் கடும் குளிர் மாநிலங்களில் படிக்கிற மாணவர்களிடமும், உங்கள் வாழ்க்கை உங்களுக்கு எவ்வளவு திருப்தி என்று கேட்டார்கள். இரண்டு இடத்திலும் பதில் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் யார் அதிக சந்தோஷமாக இருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டபோது, இரண்டு பக்கத்து ஆட்களும் கலிபோர்னியாக்காரர்தான் என்றார்கள், காரணம் வெயிலும் வெளிவாழ்க்கையும். தூரத்தில் இருந்து ஒரு ஊரை நினைக்கும்போது நமக்குத் தெரிவது அந்த ஊரின் வித்தியாசம் மட்டும்தான். போய் வாழ ஆரம்பித்தால் நாளின் பெரும்பகுதி சமைப்பது, கடைக்குப் போவது, யாரோடாவது பேசுவது, உடம்பு வலி, பிள்ளைகளின் போன் என்றுதான் போகும். ஜன்னலுக்கு வெளியே எல்லப் பள்ளத்தாக்கு இருந்தாலும் அப்படித்தான்.

சரி, இப்போது நான் ஒன்று கேட்கிறேன். நீங்கள் எந்த மாதத்தில் வந்தீர்கள்? நீங்கள் எழுதவில்லை, ஆனால் பிள்ளைகளோடு வந்ததால் பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்ட் பள்ளிக்கூட விடுமுறையாகத்தான் இருக்கும். அந்த இரண்டு மாதமும் எல்ல இருக்கிற எங்கள் ஊவா மாகாணப் பக்கம் சொர்க்கம். தென்மேல் பருவமழை ஹட்டன், நுவரெலியாப் பக்கம் கொட்டிவிடும், மலையைத் தாண்டி எங்களுக்கு வரும்போது காய்ந்த காற்றாகத்தான் வரும். அந்தக் காற்றில்தான் ஊவாத் தேயிலைக்கு அந்தப் பேர்போன வாசனை வருகிறது. பகலில் நல்ல வெயில், ராத்திரி கம்பளி, வானம் கழுவி விட்ட மாதிரி. இதைப் பார்த்துவிட்டு யாருக்குத்தான் ஆசை வராது?

ஆனால் அக்டோபரில் மழை பிடித்தால் ஜனவரி வரைக்கும் விட்டு விட்டுப் பெய்யும். மத்தியானத்துக்கு மேல் மூடுபனி இறங்கி எதிரே இருக்கிற மலை காணாமல் போகும். துவைத்த துணி மூன்று நாள் ஆனாலும் காயாது, அலமாரியில் வைத்த தோல் செருப்பில் பூஞ்சணம் பூக்கும், பாதையில் இறங்கினால் அட்டை. கரண்ட் போகும், வரும். சில நேரம் வீதியே போகும். 2014 அக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த ஒரு லயத்து வரிசையே மண்ணுக்குள் போனதை எங்கள் ஆட்கள் யாரும் மறக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலையகம் முழுக்க மண்சரிவு, ரயில் பாதையும் பல இடத்தில் சிதைந்தது. இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. வீட்டுக்கு இடம் பார்க்கும்போது காட்சியை மட்டும் பார்க்காமல், அந்தச் சரிவைப் பற்றி, மண்சரிவு அபாயத்தைக் கணிக்கிற தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் என்ன சொல்கிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விற்கிறவரோ வாடகைக்கு விடுகிறவரோ இதைத் தானாகச் சொல்லமாட்டார்.

இனி அலுக்காமல் இருக்கிறவர்களைப் பற்றிச் சொல்கிறேன், இதுதான் எனக்கு முக்கியம். நான் கவனித்தவரை அவர்கள் புதுப் புது இடம் தேடி ஓடுவதில்லை. ஒரே பாதையில்தான் திரும்பத் திரும்ப நடக்கிறார்கள். பண்டாரவளைப் பக்கம் இருக்கிற ஒரு வெளிநாட்டுப் பெரியவர், தினமும் காலையில் ஒரே தோட்டத்து வீதி. ஆரம்பத்தில் அவருக்கு அது வெறும் பச்சை. இப்போது எந்த மலையில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறார்கள், எந்த மலையில் கொழுந்து கூடியிருக்கிறது, ஆறுமணிக்குருவி இந்தியாவிலிருந்து வந்துவிட்டதா, கடைக்கார அக்காவின் மகள் சாதாரணதரப் பரீட்சை எப்படி எழுதினாள், எல்லாம் தெரியும். இரண்டு நாள் அவரைக் காணவில்லை என்றால் மூன்றாம் நாள் யாராவது போய்க் கதவைத் தட்டுவார்கள். இந்த மாதிரி ஆளுக்கு எப்படி அலுக்கும்? ஹோர்ட்டன் சமவெளியில் நெலு என்கிற குறிஞ்சி வகைச் செடி 12 வருஷத்துக்கு ஒருமுறைதான் கூட்டமாகப் பூக்கும், 2013இல் அப்படிப் பூத்தது. அடுத்தது எப்போது என்று கணக்கு வைத்துக் காத்திருக்கிறவருக்கு அதே சமவெளி ஒவ்வொரு தடவையும் வேறு இடம்.

அதனால் நான் நினைப்பது இதுதான். நீங்கள் விருந்தாளியாகவே இருந்தால் அலுக்கும். விருந்தாளியிடம் யாரும் எதுவும் எதிர்பார்க்கமாட்டார்கள், நாலு நாளைக்கு அது சுகம், நாலு வருஷத்துக்கு அது கொடுமை. உங்களை எதிர்பார்த்து இங்கே யாராவது இருக்க வேண்டும். தோட்டப் பாடசாலைகளில் ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம் சொல்லித்தர ஆள் போதாது, இது இன்று நேற்று உள்ள குறை இல்லை. நீங்கள் என்ன வேலை பார்த்தீர்கள் என்று எழுதவில்லை, ஆனால் முப்பது வருஷம் கனடாவில் வேலை செய்தவருக்குப் பத்துப் பிள்ளைகளை உட்கார வைத்துச் சனிக்கிழமையில் சொல்லிக்கொடுக்க ஏதாவது இருக்கும். மாசி மாதம் தோட்டத்தில் காமன் கூத்து நடக்கும், விடிய விடிய. போய் ஓரமாக நின்று படம் எடுத்துவிட்டு வரலாம். இல்லையென்றால் முதல் வருஷமே கோயில் கமிட்டி ஆட்களிடம் போய், நான் என்ன செய்யட்டும் என்று கேட்கலாம். கேட்டுப் பாருங்கள், வேலை கொடுத்துவிடுவார்கள்.

இன்னொன்று, மனதில் பட்டதைச் சொல்கிறேன், தவறாக எடுக்க வேண்டாம். நீங்கள் வராந்தாவில் உட்கார்ந்து பார்க்கப் போகிற அந்த மலைச்சரிவில் எங்கள் அம்மா மாதிரிப் பெண்கள் முதுகில் கூடையோடு நிற்கிறார்கள், மழையானாலும் நிறுவை நேரத்துக்குக் கொழுந்து வந்து சேர வேண்டும். அவர்களைக் காட்சியில் ஒரு பகுதியாகப் பார்க்கிறவர்கள் சீக்கிரம் அலுத்துப் போவதை நான் பார்த்திருக்கிறேன். பேர் தெரிந்து, "என்ன அக்கா, இன்றைக்கு எத்தனை கிலோ?" என்று கேட்கிற அளவுக்கு வந்தவர்கள் போகமாட்டார்கள். உங்களுக்குத் தமிழ் இருக்கிறது ஐயா, ஐரோப்பாவிலிருந்து வருகிறவருக்கு இல்லாத பெரிய வசதி அது. சிங்களமும் கொஞ்சம் படித்துக்கொள்ளுங்கள், எல்ல டவுனில் கடையிலும் பஸ்ஸிலும் அது இல்லாமல் நீங்கள் வெளியாளாகவே இருப்பீர்கள்.

முழங்காலைப் பற்றியும் பேச வேண்டும். ஏறும்போது மூச்சு, இறங்கும்போது முழங்கால். 62இல் எல்லப் பாறை ஏறுவீர்கள், சந்தேகமே இல்லை. 75இல்? மலை ஏறுவதற்காக மட்டுமே வந்தவர் ஏற முடியாத வயதில் அங்கே என்ன செய்வார் என்பதை இப்போதே யோசித்து வீடு பாருங்கள். உச்சியில் நூறு படி ஏறிப் போகிற வீடு வேண்டாம். எனக்கு எல்லயை விடப் பண்டாரவளை பிடிக்கும், சந்தை இருக்கிறது, மருந்துக்கடை இருக்கிறது, சமதரையாக நடக்கக் கொஞ்சம் இடமாவது இருக்கிறது, பக்கத்தில் தியத்தலாவையில் ஆஸ்பத்திரி. பெரிய வைத்தியம் என்றால் பதுளை, அதற்கும் மேலே என்றால் கண்டி அல்லது கொழும்பு, கொழும்புக்கு எல்லயிலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒன்பது மணி நேரம் என்பதை மறக்க வேண்டாம்.

காணி, விசா பற்றிச் சுருக்கமாக. நீங்கள் இலங்கையில் பிறந்தவர், இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பியுங்கள், கிடைத்தால் விசாப் பிரச்சினையும் இல்லை, காணி வாங்கத் தடையும் இல்லை. மற்ற நேயர்களுக்காகச் சொல்கிறேன், 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவர் இங்கே காணியைச் சொந்தமாக வாங்க முடியாது, அதிகபட்சம் 99 வருஷக் குத்தகைதான். 55 வயதுக்கு மேற்பட்ட வெளிநாட்டவருக்கு ஓய்வுக்கால விசா ஒன்று உண்டு, 15,000 அமெரிக்க டாலர் வைப்பு, மாதம் 1,500 டாலர் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், கூட வருகிறவருக்கு 750. இந்த விதிகள் மாறும், குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். எப்படியிருந்தாலும் முதல் வருஷம் எதையும் வாங்க வேண்டாம், கனடா வீட்டையும் விற்க வேண்டாம். வாடகைக்கு இருங்கள், அதுவும் ஜூலையில் வராமல் அக்டோபர் கடைசியில் வந்து தைப்பொங்கல் வரைக்கும் இருங்கள். அந்த மழையில் உங்களுக்குப் பிடித்துவிட்டால் அப்புறம் பிடிக்காமல் போகாது.

கடைசியாக, உங்கள் கடிதத்தை நான் இரண்டு தடவை வாசித்தேன். அதில் நான், எனக்கு, என் ஆசை என்றுதான் இருக்கிறது. மனைவியோடு வரப் போகிறீர்கள், ஆனால் அவருக்கு மலை பிடிக்குமா என்று ஒரு வரி இல்லை. நான் கண்ட பாதி வீடுகளில் அலுப்பு முதலில் வந்தது நடக்கிறவருக்கு இல்லை, வீட்டில் இருக்கிறவருக்கு. இவர் காலை ஆறு மணிக்குக் கம்பை எடுத்துக்கொண்டு போய்விடுவார், அந்த அம்மாவுக்குப் பேரப்பிள்ளைகள் தூரத்தில், சிநேகிதிகள் தூரத்தில், கோயிலுக்குப் போக ஆட்டோ பிடிக்க வேண்டும், மூடுபனிக்குள் ஒரு சமையலறை. இரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள், நீங்கள் இருங்கள், நான் பிள்ளைகளிடம் போகிறேன் என்று சொன்ன வீடுகள் இருக்கின்றன. அவர் இங்கே வந்து என்ன செய்ய விரும்புகிறார், யாரோடு பேசுவார், வருஷத்தில் எத்தனை மாதம் பிள்ளைகளோடு இருக்க வேண்டும் என்று நினைக்கிறார், இதையெல்லாம் நீங்கள் அவருக்காகப் பதில் சொல்ல வேண்டாம். அம்மாவையே ஒரு கேள்வி எழுதி அனுப்பச் சொல்லுங்கள், அடுத்த வீடியோவில் முதலில் அவருக்குத்தான் பதில் சொல்வேன்.