குழந்தை நிமிர்ந்து பார்க்கும்வரை பொறுங்கள்

(திரையில்: ஐந்து மாதக் குழந்தை. பின்னாலிருந்து ஒருவர் கை தட்டுகிறார். குழந்தை திரும்புகிறது.)

வீட்டில் பலரும் செய்துபார்க்கும் சோதனை இது. குழந்தை திரும்பிவிட்டால் காது நன்றாகக் கேட்கிறது என்று நிம்மதியாகிவிடுவார்கள். ஆனால் அது நிழலைப் பார்த்துத் திரும்பியிருக்கலாம், அதிர்வை உணர்ந்திருக்கலாம். கைதட்டல் கேட்கிற காதுக்கு 'ஸ்' என்ற ஒலி எட்டாமலும் இருக்கலாம். அறவே காது கேட்காத குழந்தையும் முதல் சில மாதங்களில் 'ஊ', 'ஆ' என்று குரல் எழுப்பும். அதனால் அதை வைத்தும் எதுவும் சொல்ல முடியாது.

ஓஏஇ (ஒலிக்கு உட்காது திருப்பி அனுப்பும் மெல்லிய ஒலியை அளப்பது), ஏபிஆர் (ஒலி கேட்டதும் காது நரம்பிலும் மூளைத்தண்டிலும் எழும் மின் அலைகளை அளப்பது) என்ற சோதனைகள்தான் நம்பத் தகுந்தவை. வலி கிடையாது, குழந்தை தூங்கும்போதே செய்துவிடலாம். 1-3-6 என்று ஒரு கணக்கு உண்டு: 1 மாதத்துக்குள் முதல் சோதனை, 3 மாதத்துக்குள் குறைபாடு உண்டா இல்லையா என்ற முடிவு, 6 மாதத்துக்குள் உதவியின் தொடக்கம். தாமதமாகத் தெரியவந்தாலும் தெரிந்த அன்றே தொடங்குங்கள்.

(திரையில்: காது மிஷின் அணிந்த குழந்தை, தரையில் பந்து.)

சரி, குறைபாடு உண்டு என்று தெரிந்து காது மிஷினும் போட்டாயிற்று. அப்புறம்? பல வீடுகளில் அன்றைக்கே பள்ளிக்கூடம் தொடங்கிவிடுகிறது. "இது என்ன? பந்து. எங்கே, பந்து சொல்லு. சொல்லு!" நாள் முழுக்கப் பரீட்சை வைத்தால் யாருக்குத்தான் பேசப் பிடிக்கும்?

இங்கே கொஞ்சம் கவனியுங்கள். நன்றாகக் கேட்கும் குழந்தை பந்தைப் பார்த்துக்கொண்டே "பந்து உருளுது" என்பதையும் கேட்டுக்கொள்ளும். உங்கள் உதட்டையோ கையையோ பார்த்துப் புரிந்துகொள்கிற குழந்தைக்கு அது நடக்காது. ஒரு நேரத்தில் ஒன்றுதான்: பந்து, இல்லையென்றால் உங்கள் முகம். அது பந்தில் மூழ்கியிருக்கும்போது நீங்கள் பேசுவது வீண். அதன் முகத்தைப் பிடித்துத் திருப்புவது அதைவிட மோசம்.

பொறுங்கள். பந்து கட்டிலுக்கு அடியில் போனதும் அதுவே நிமிர்ந்து உங்களைப் பார்க்கும். அந்த நொடியில் சொல்லுங்கள்: "ஐயோ, பந்து போயிடுச்சு!" சொல்லிவிட்டு மறுபடியும் காத்திருங்கள். அது கை நீட்டினாலும், 'ஆ' என்றாலும், அதுவும் பதில்தான். அதற்கு நீங்கள் ஒரு பதில் சொல்லுங்கள்.

காது கேட்காத பெற்றோருக்கு இது கைவந்த கலை. தோளை மெல்லத் தட்டுவார்கள், குழந்தை பார்க்கும் இடத்துக்கே கையைக் கொண்டுபோய்ச் சைகை செய்வார்கள், பொம்மையைத் தங்கள் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டுவார்கள். ஆனால் கேட்கும் திறன் குறைந்த குழந்தைகளில் பெரும்பாலோர் நன்றாகக் கேட்கும் பெற்றோருக்குப் பிறந்தவர்கள். அந்தப் பெற்றோர் இதைப் பழகித்தான் ஆகவேண்டும்.

தூரமும் முக்கியம். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி சுமார் 6 டெசிபல் குறைகிறது. மிஷினோ உங்கள் குரலோடு மின்விசிறியையும் டிவியையும் சேர்த்தே பெரிதாக்கும். அடுத்த அறையிலிருந்து கத்தாதீர்கள், கிட்டே வாருங்கள். டிவியை நிறுத்துங்கள்.

(திரையில்: பெரியவர்கள் இருவர் பேசுகிறார்கள். குழந்தை தள்ளி உட்கார்ந்திருக்கிறது.)

அதிகம் பேசப்படாத இழப்பு இது. குழந்தைகள் நிறையச் சொற்களைக் கற்பது பெரியவர்கள் தங்களுக்குள் பேசுவதை ஒட்டுக்கேட்டுத்தான். 'நினைச்சேன்', 'மறந்துட்டேன்', 'சும்மா சொன்னேன்' போன்றவற்றுக்குப் படம் காட்டிச் சொல்லிக்கொடுக்க முடியாது. கேட்கும் திறன் குறைந்த குழந்தைக்கு இவை தானாக வந்து சேர்வதில்லை. ஆகவே அதன் எதிரிலேயே சொல்லுங்கள்: "சாவி பையில் இருக்குன்னு நினைச்சேன். இல்லையே! எங்கே வச்சேன்? மறந்துட்டேன்." அடுத்தவர் மனதில் வேறொன்று ஓடும் என்பது பிள்ளைக்குப் புரிவது இப்படிப்பட்ட பேச்சால்தான்.

சைகை மொழி கற்றால் வாய்ப்பேச்சு வராது என்று பயமுறுத்துவார்கள். அதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. 1991-இல் லாரா ஆன் பெட்டிட்டோவும் பாலா மாரன்டெட்டும் வெளியிட்ட ஆய்வு, சைகை மொழி பேசும் வீட்டில் வளரும் கேட்காத குழந்தைகள் கைகளாலேயே மழலை பேசுவதைக் காட்டியது. அவர்களுக்குச் சைகையும் மொழிதான். பேச்சு தெளியும் நாள்வரை குழந்தையை மொழியே இல்லாமல் வைத்திருப்பதுதான் என் கண்ணுக்குப் பெரிய ஆபத்து.

(திரையில்: ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ்)

கடைசியாக, மிஷின் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கத் தினமும் காலையில் செய்யவேண்டிய வேலை. காது கேட்காத குழந்தைகளுக்குப் பேச்சு கற்பிக்கும் துறையின் நிபுணர் டேனியல் லிங் வகுத்த ஆறு ஒலிகள் இவை. தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்த சுருதிவரை பேச்சொலிகளின் பரப்பு இவற்றில் அடங்கிவிடும். மிஷின் போட்டதும் குழந்தைக்கு உங்கள் வாய் தெரியாதபடி பக்கவாட்டில் நின்று, சாதாரணக் குரலில் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். இடைவெளியை மாற்றி மாற்றி விடுங்கள், இல்லையென்றால் பிள்ளை ஊகித்துவிடும். நேற்று 'ஸ்' கேட்டுத் திரும்பிய குழந்தை இன்று திரும்பவில்லையா? முதலில் பேட்டரியைப் பாருங்கள். பிறகு காதுக்குள் வைக்கும் அச்சில் அழுக்கு அடைத்திருக்கிறதா, காது வளர்ந்து அச்சு தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் கேட்கவில்லை என்றால் அன்றே ஆடியாலஜிஸ்டிடம் (செவித்திறன் நிபுணரிடம்) சொல்லுங்கள். மாற்றிய பழைய பேட்டரியைக் குழந்தைக்கு எட்டும் இடத்தில் போடாதீர்கள். விழுங்கிவிட்டால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டியிருக்கும்.