போதகரம்மாவின் நீல நோட்டு

[காட்சி: விடியாத சமையலறை. அடுப்பில் பெரிய சட்டி. ஃபிரிட்ஜின் மேல் நீல அட்டை போட்ட ஒரு நோட்டு.]

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணி. எங்கள் புளோக்கில் அந்த நேரத்தில் எங்கள் வீட்டு விளக்கு மட்டும்தான் எரியும். அறுபது பேருக்குப் பருப்புக் குழம்பு தாளித்துக்கொண்டே அம்மா வாய்க்குள் கீர்த்தனை பாடுவார். அப்பா ஹாலில் பிரசங்கக் குறிப்பைத் திருத்திக்கொண்டிருப்பார். பொரித்த அப்பளத்தை டின்னில் அடுக்குவது எனக்கும் தம்பிக்கும் வேலை. உடைந்தவை எங்களுக்கு. அதனால் கொஞ்சம் அதிகமாகவே உடையும்.

நான் போதகர் வீட்டுப் பிள்ளை. சிங்கப்பூர்த் தமிழ்ச் சபை ஒன்றில் போதகரின் மனைவி என்னதான் செய்கிறார் என்பதைச் சொல்லத்தான் இந்த வீடியோ. எனக்குத் தெரிந்த ஒரே வழியில் சொல்கிறேன், அந்த நீல நோட்டை வைத்து.

[காட்சி: நோட்டின் ஒரு பக்கம், கிட்டத்தில். சாய்ந்த கையெழுத்து.]

யாருக்கு முட்டி ஆபரேஷன், யார் மகனுக்கு இந்த வருஷம் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ, யார் வீட்டுக்காரர் இறந்த நாள் அடுத்த வாரம் வருகிறது, யாருக்குத் தேத்தண்ணீரில் சீனி கூடாது. எல்லாம் அதில் இருக்கும். அப்பாவிடம் இப்படி ஒரு நோட்டு இருந்ததில்லை. ஆராதனை முடிந்து வாசலில் கைகுலுக்கும்போது அம்மா பின்னால் நின்று மெதுவாக, “அவங்க அக்காவுக்கு எப்படி இருக்குன்னு கேளுங்க” என்பார். அப்பா கேட்பார். ஐயாவுக்கு எவ்வளவு ஞாபகம் பாருங்கள் என்று சபையார் வியந்துபோவார்கள்.

சரி, போதகரம்மா என்பது ஒரு பதவியா? சிலர் பாஸ்டரம்மா என்பார்கள், திருநெல்வேலிப் பக்கத்துப் பெரியவர்கள் ஐயரம்மா என்பார்கள். பெயர் இத்தனை உண்டு, நியமனக் கடிதம்தான் கிடையாது. மெதடிஸ்ட் சபைகளில் போதகர்களை எந்தச் சபைக்கு அனுப்புவது என்பதைப் பேராயர் முடிவுசெய்வார், ஆண்டு மாநாட்டில் அது அறிவிக்கப்படும். தமிழ்ச் சபைகளுக்கென்றே தனி மாநாடு உண்டு. அதில் அப்பாவின் பெயர் வரும், அம்மாவின் பெயர் வராது. வேதத்தில் தேடினாலும் ஒன்றாம் தீமோத்தேயு மூன்றாம் அதிகாரம் கண்காணியானவனை, அதாவது சபையை நடத்துகிறவனைப் பற்றித்தான் நீளமாகப் பேசுகிறது. பதினோராம் வசனத்தில் ஸ்திரீகளுக்கு ஒரே ஒரு வரி: நல்லொழுக்கம், அவதூறு பண்ணாமை, தெளிந்த புத்தி, எல்லாவற்றிலும் உண்மை. அறுபது பேருக்குக் குழம்பு என்று அங்கே எழுதியிருக்கவில்லை.

இன்று பெண்களும் போதகர்களாக அபிஷேகம் பெறுகிறார்கள். அப்படிப்பட்ட சபையில் போதகரின் கணவரை யாரும் போதகரப்பா என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அப்பளம் பொரிக்கச் சொல்லியும் கேட்டதில்லை.

[காட்சி: பழைய சிங்கப்பூரின் கடைவீடுகள், கோட்டோவியமாக.]

இந்த வேலைக்குச் சிங்கப்பூரில் வயது அதிகம். 1842இல் லண்டன் மிஷனரி சங்கத்தைச் சேர்ந்த சாமுவேல் டையரும் அவர் மனைவி மரியாவும் இங்கே வந்தார்கள். சாமுவேல் சீன எழுத்துகளுக்கு உலோக அச்சு வார்த்தவர். மரியாவின் கண்ணில் பட்டது வேறு. சின்னஞ்சிறு சீனப் பெண்பிள்ளைகளை வீட்டு வேலைக்காக விற்றுக்கொண்டிருந்தார்கள். அந்த ஆண்டே ஒரு பெண்கள் பள்ளியைத் தொடங்கினார். இன்று செயின்ட் மார்கரெட்ஸ் என்ற பெயரில் இருப்பது அதுதான், சிங்கப்பூரின் மிகப் பழைய பெண்கள் பள்ளி. மறுவருஷமே சாமுவேல் இறந்துபோனார்.

தமிழ் மெதடிஸ்டுகளின் கதைக்கு ஷார்ட் ஸ்ட்ரீட்டுக்கு வர வேண்டும். 1885இல் மெதடிஸ்ட் ஊழியத்தைத் தொடங்கிய வில்லியம் ஓல்டமோடு அவர் மனைவி மேரியும் இருந்தார். 1887இல் சோஃபியா பிளாக்மோர் என்ற ஆஸ்திரேலியப் பெண்மணி வந்து அதே தெருவில் ஒரு கடைவீட்டில் பள்ளி ஆரம்பித்தார். முதல் மாணவிகள் ஒன்பது பேர், இந்தியப் பிள்ளைகள். மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் பிறப்பு அது. பிளாக்மோர் யாருக்கும் மனைவியில்லை, தனி மிஷனரி. தமிழ் மெதடிஸ்ட் சபையும் அந்த ஷார்ட் ஸ்ட்ரீட்டில்தான் இருக்கிறது. லிட்டில் இந்தியாவின் தேக்காவிலிருந்து நடந்தே போய்விடலாம்.

[காட்சி: புளோக்கின் கீழ்த்தளம். வட்ட மேசைகள், பிளாஸ்டிக் நாற்காலிகள், தட்டில் வேர்க்கடலையும் மிட்டாயும்.]

இப்போது சாவு வீட்டுக்கு வருவோம். அம்மாவின் உண்மையான வேலை எனக்குப் புரிந்தது அங்கேதான்.

ஒருவர் இறந்தால் முதல் போன் அப்பாவுக்கு வரும். இரண்டாவது அம்மாவுக்கு. முதல் போனில் ஜெபம், இரண்டாவதில் கேள்விகள். துக்கத்துக்கு வருகிறவர்கள் உட்காரும் புளோக்கின் கீழ்த்தளத்துக்கு நகர மன்றத்தில் யார் அனுமதி வாங்குவது? பெட்டி எப்போது வரும்? ஊரிலிருந்து தம்பி வந்துசேரும் வரை வைத்திருக்கலாமா? 2022 மே மாதக் கடைசியிலிருந்து மரணச் சான்றிதழ் காகிதமாக வருவதில்லை, இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும். அறுபத்தெட்டு வயதில் கணவரை இழந்து உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு அந்த வாக்கியத்தின் பாதி புரியாது. அம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, அவர் பக்கத்தில் அமர்ந்து, அவர் போனிலேயே அதைச் செய்துகொடுப்பார். துக்க வீட்டில் பாடிய எந்தப் பாட்டும் எனக்கு இப்போது நினைவில் இல்லை. அந்தச் சின்னத் திரையின் வெளிச்சம் இரண்டு பேர் முகத்திலும் விழுந்தது நினைவிருக்கிறது.

அப்புறம் அடக்கம். சிங்கப்பூரில் புதிதாகப் புதைக்க இடம் தரும் கல்லறை இப்போது சுவா சூ காங் ஒன்றுதான். அங்கேயும் 1998இலிருந்து ஒரு விதி: பதினைந்து வருஷம்தான். அதன்பின் கல்லறையைத் தோண்டி, எஞ்சியதை எடுத்துத் தகனம் செய்து, அஸ்தி மாடத்தில் வைத்துவிடுவார்கள். நிலம் குறைந்த நாடு, கணக்கு புரிகிறது. ஆனால் உயிர்த்தெழும் நாள்வரை இங்கே இளைப்பாறட்டும் என்று மண் போட்டுவிட்டு வந்தவர்களுக்குப் பதினைந்தாம் வருஷம் ஒரு கடிதம் வரும்போது அது இரண்டாவது சாவு.

அப்படி ஒரு காலையில் நானும் போயிருக்கிறேன். கூடாரம் போட்டிருந்தார்கள். அடக்கத்துக்கு இருநூறு பேர் வந்த குடும்பம், அன்று வந்தது நாலு பேர். ஐந்தாவதாக அம்மா. நோட்டில் தேதி இருந்தது. இத்தனைக்கும் அந்த அடக்கத்தை நடத்தியது அப்பா இல்லை, அவருக்கு முன்னால் இருந்த போதகர். எஞ்சியதை எடுத்துப் போட்ட வாளிக்குள் குடும்பத்தார் பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டார்கள். அம்மா திரும்பவில்லை. இறந்தவரின் மகளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, “நான் பாக்குறேன்மா, நீங்க அந்தப் பக்கம் பாருங்க” என்றார்.

[காட்சி: ஞாயிறு பிற்பகல். தேக்கா. கூட்டம்.]

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சிங்கப்பூர்வாசிகளான இந்தியர்களில் ஏறக்குறைய எட்டில் ஒருவர் கிறிஸ்தவர். ஆனால் அறுபது பேருக்கான அந்தக் குழம்பில் பாதி அந்தக் கணக்கில் வராதவர்களுக்கு: கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை பார்க்கும் தம்பிகள், வீடுகளில் வேலை செய்யும் பெண்கள். பணிப்பெண்களுக்கு வார ஓய்வு நாள் 2013இல்தான் சட்டமானது. முதலாளியும் அவரும் ஒத்துக்கொண்டால் ஓய்வுக்குப் பதில் பணம் கொடுக்கலாம் என்பதால் பலருக்கு அது வரவேயில்லை. மாதத்தில் ஒரு நாளையாவது பணமாக மாற்றக்கூடாது என்பது 2023 ஜனவரியில் வந்தது. அந்த ஒரு நாளுக்காகக் காத்திருந்து வருகிறவர், பிரசங்கம் கேட்க மட்டும் வருவதில்லை. தமிழில் யாரோடாவது பேசவும், சாப்பிட்ட தட்டை இன்னொருவர் வாங்கிக்கொள்ளவும் வருகிறார்.

2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை சர்க்யூட் பிரேக்கர், அதாவது கோவிட் முடக்கம். அப்பா போனை ஸ்டாண்டில் வைத்து யாருமில்லாத அறையில் பிரசங்கித்தார். விடுதிகளில் அடைபட்டிருந்த தம்பிகளுக்கு அம்மா ஒருவர் விடாமல் போன் செய்தார். ஒருவருடைய தாயார் ராமநாதபுரத்திலிருந்து அழைத்து, “என் புள்ள சாப்பிட்டானா?” என்று தினமும் கேட்பார். அந்த அம்மாவுக்கு நாங்கள் யார், என்ன சபை என்று எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் கேட்கவில்லை.

[காட்சி: சபையின் சமையற்கட்டு. பாத்திரம் கழுவும் இரண்டு பேர், முதுகுப்புறம் மட்டும்.]

போதகரிடம் சொல்லாததைப் பெண்கள் சிங்க் பக்கத்தில் நின்று சொல்வார்கள். “ஐயாகிட்ட சொல்லிடாதீங்கம்மா” என்றுதான் தொடங்கும்.

அம்மா ஒருமுறை தவறினார். ஒருவர் தன் மகனுக்கு வேலை போன விஷயத்தைச் சொல்லியிருந்தார். பெண்கள் ஜெபக்கூட்டத்தில் அம்மா பெயர் சொல்லாமல், “வேலையிழந்த ஒரு பிள்ளைக்காக ஜெபிப்போம்” என்றார். அறுபது பேர் சபையில் பெயர் எதற்கு? அடுத்த ஞாயிறு அந்தக் குடும்பத்தின் நாற்காலிகள் காலியாக இருந்தன. அதற்கடுத்த ஞாயிறும். அம்மா போய் மன்னிப்புக் கேட்டார், மன்னித்தார்கள். ஆனால் திரும்ப வரவில்லை. அதன்பின் நோட்டில் சில வரிகள் பென்சிலில் வரத் தொடங்கின. பென்சில் வரி ஜெபக்கூட்டத்துக்குப் போகாது.

சில பென்சில் வரிகளுக்கு ஜெபம் மட்டும் போதாது என்பதையும் அம்மா தாமதமாகத்தான் கற்றுக்கொண்டார். கணவன் அடிக்கிறான் என்று ஒரு பெண் சொன்னால், பொறுத்துக்கோம்மா என்று சொல்கிற போதகரம்மாக்கள் இருந்தார்கள், இருக்கிறார்கள். எனக்கு அதில் கோபம் உண்டு. குடும்ப நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணைக்கு விண்ணப்பிக்கலாம். வன்முறைக்கு ஆளானவர்கள் உதவி கேட்க 2021இலிருந்து 1800 777 0000 என்ற எண் இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குகிறது. இந்த எண் நோட்டின் பின் அட்டையில் பேனாவில், பெரிதாக எழுதியிருந்தது.

[காட்சி: அட்டைப்பெட்டிகள். கத்தரிக்கோல்.]

பிறகு அப்பாவுக்கு மாற்றல் வந்தது. சிங்கப்பூரில் மாற்றல் என்றால் ஊர்விட்டு ஊர் போவதில்லை, எம்ஆர்டியில் எட்டு நிறுத்தம். ஆனால் பழைய சபைக்கு அடிக்கடி போய் நிற்கக்கூடாது, புதியவர் காலூன்ற வேண்டும். அதுதான் மரியாதை. பதினொரு வருஷம் அம்மா என்று கூப்பிட்டவர்களை ஒரே ஞாயிற்றில் விட்டுவிட வேண்டும்.

முதல்நாள் இரவு அம்மா தரையில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தார். பேனா வரிகள் புதிய போதகரம்மாவுக்கு. பென்சில் வரிகளைக் கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தார். நோட்டு ஜன்னல் ஜன்னலாக ஆகிவிட்டது. வெட்டியதை எங்கே வைத்தார் என்று நானும் கேட்கவில்லை.

புதிய சபையில் முதல் ஞாயிறு முடிந்து வீட்டுக்கு வந்ததும், முஸ்தஃபா கடையில் வாங்கிய புது நோட்டில் எழுதத் தொடங்கினார். பெயர்கள் இன்னும் தெரியாது. முதல் வரி இது:

மூன்றாம் வரிசை, ஓரத்துத் தாத்தா. இடது காது கேட்காது. வலப்பக்கம் நின்று பேசணும்.