கலரைக் காலமை பாப்பம்

வணக்கம் எல்லாருக்கும். ஃபான் சத்தம் கேக்கும், பொறுத்துக்கொள்ளுங்கோ. கிளிநொச்சியிலை இண்டைக்கு எரிக்கிற வெயிலுக்கு அதை நிப்பாட்டிப்போட்டுக் கதைக்கேலாது.

விசுவமடுவிலையிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறா, அப்பிடியே வாசிக்கிறன். "அக்கா, நீங்கள் காட்டின குடிகாரன் நடைப் போர்வையைத் தைக்க வெளிக்கிட்டன். வளைவு பொருந்துதில்லை, ஒரு பக்கம் சுருங்குது. துணியெல்லாம் புதுசு, பளிச்செண்ட கலர். ஆனால் தள்ளி நிண்டு பாத்தால் டிசைனே தெரியேல்லை. பழைய காலத்து டிசைனுக்கு இந்தக் காலத்துத் துணி சரிவராதோ? மாமி வேறை சொல்லுறா, உந்தப் பேரிலை ஒரு சாமானும் வீட்டுக்குள்ளை வேண்டாமாம்."

புதுசாக் கேக்கிறவைக்கு: குடிகாரன் நடை எண்டது, கால் வட்டத் துண்டு வைச்சுத் தைச்ச சதுரங்களை அடுக்கிப் பொருத்துற ஒரு போர்வை டிசைன். ரெண்டு நாளா இந்தக் கேள்விதான் மண்டைக்குள்ளை. முதல் மாமியைக் கவனிப்பம். மாமி சொன்னதிலை பிழையில்லை. இந்த டிசைனுக்கு 'ட்ரங்கர்ட்ஸ் பாத்' எண்டு பேர் வைச்ச அமெரிக்காவிலையும், பிள்ளையளை அந்தப் போர்வைக்குக் கீழை படுக்கவிட்டால் பிறகு குடிகாரராப் போயிடுவினம் எண்டு ஒரு கதை இருந்தது. கால் வட்டங்களைத் திருப்பித் திருப்பி வைக்கேக்கை கோடு வளைஞ்சு வளைஞ்சு போகும், தவறணையாலை வாறவர் ரோட்டை அளந்துகொண்டு வாற மாதிரி. ஆனால் குடியை ஒழிக்க வேணுமெண்டு அங்கை 1874இலை பொம்பிளையள் ஒரு சங்கம் துவங்கினவை. அவையோடையும் இந்த டிசைனைச் சேத்துத்தான் சொல்லுவினம், நீலமும் வெள்ளையுமாத் தைச்சது. மாமிட்டை அந்தப் பக்கத்தையும் சொல்லிப் பாருங்கோ. கசிப்பாலை நொந்துபோன மனிசிமார் எங்கட ஊரிலை இல்லையே? மாமிக்கு விளங்கும்.

நீலமும் வெள்ளையும் எண்டதை ஞாபகத்திலை வைச்சிருங்கோ, திரும்ப வருவன்.

இனி வளைவு. நீங்கள் அனுப்பின படத்தைப் பாத்தவுடனை விளங்கீட்டுது, நீங்கள் ஒரே சாப்பாட்டுக் கோப்பையைக் கவிழ்த்து வைச்சு ரெண்டு துண்டையும் ஒரே கோட்டிலை வெட்டியிருக்கிறியள். அப்பிடி வெட்டினால் தைக்கிறதுக்குத் துணி எங்கை? மட்டையிலை 6 இஞ்சிச் சதுரம் கீறுங்கோ. ஒரு மூலையிலை கவராயத்தைக் குத்தி 4 இஞ்சியிலை வளைவு போடுங்கோ. அந்தக் கோட்டிலை மட்டையை வெட்டினால் ரெண்டு துண்டு: ஒண்டு நாலா உடைச்ச அப்பளம், மற்றது மூலை கடிச்ச பாண். மட்டையைத் துணியிலை வைச்சு, சுத்திவர எல்லாப் பக்கமும் கால் இஞ்சி விட்டு வெட்டுங்கோ. வளைவுப் பக்கத்திலையும் விடவேணும், அதைத்தான் எல்லாரும் மறக்கிறது.

இப்ப ரெண்டையும் பக்கத்திலை வைச்சுப் பாத்தால் பயம் வரும். அப்பளத்தின்ரை ஓரம் பாணின்ரை ஓரத்தைவிட முக்கால் இஞ்சி நீளமா நிக்கும். பிழையா வெட்டிப்போட்டன் எண்டு நினைச்சுக் கத்தரிக்கோலைத் தூக்காதேங்கோ. ஓரம்தான் வித்தியாசம், தையல் விழுற கோடு ரெண்டிலையும் ஒரே நீளம். ரெண்டையும் பாதியா மடிச்சு நடுவிலை ஒரு குறி. நடுவுக்கு நடு ஒரு குண்டூசி, ரெண்டு அந்தத்திலையும் ஒவ்வொண்டு. பாண் துண்டின்ரை வளைவிலை அரை இஞ்சிக்கு ஒருக்கால் சின்னதா வெட்டிவிடுங்கோ, தையல் கோட்டைத் தொடக்கூடாது. மெசினிலை அப்பளம் கீழை, பாண் மேலை. கூடக் கிடக்கிற துணியை மெசின் பல்லு தானே உள்ளுக்கு எடுத்துவிடும். நீங்கள் இழுக்கக் கூடாது. வளைவு எண்டால் துணி குறுக்காலை வெட்டுப்பட்டுத்தான் இருக்கும், இழுத்தால் இழுபடும், பிறகு அயன் பண்ணியும் படியாது. கார்மென்ட் வெட்டுத்துண்டிலை ரீசேட் மாதிரி நீளுற துணி வந்தால் அதைத் தனியா எடுத்து வையுங்கோ, தலையணை உறைக்கு உதவும்.

சரி, கலருக்கு வாறன். எனக்குப் பிடிச்ச இடம். முந்தியும் சொன்னனான், திரும்பச் சொல்லுறன், கோவிக்காதேங்கோ.

தொண்ணூறுகளிலை எனக்குப் பத்துப் பதினொரு வயது. வன்னியிலை கரண்ட் இல்லை, மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. ஜாம் போத்தலுக்குள்ளை கொஞ்சம் பஞ்சு, அது ஊறுற அளவுக்கு எண்ணெய், அதுதான் விளக்கு. அந்த வெளிச்சத்திலை அம்மம்மா சாறித் துண்டுகளைப் பொருத்துவா. ஒருநாள் "சிவப்பை எடு பிள்ளை" எண்டா. நான் பச்சையை எடுத்துக் குடுத்தன். அந்த வெளிச்சத்துக்கு ரெண்டும் ஒண்டுதான். பேச்சு விழுமெண்டு பாத்தால், அவ சிரிச்சுப்போட்டுப் பாயிலை ரெண்டு குவியல் போட்டா. வெளிறினது இஞ்சாலை, இருண்டது அங்காலை. "கலரைக் காலமை பாப்பம்" எண்டா.

அந்தச் சாறித் துண்டுகளுக்கும், மண்மூட்டை தைக்கப் போன மற்றச் சாறியளுக்கும் என்ன நடந்ததெண்டது வேறை கதை. இண்டைக்கு வேண்டாம்.

தங்கச்சி, நீங்கள் எடுத்தது சிவப்பும் பச்சையும். ரெண்டும் வடிவு, ஆனால் ரெண்டும் ஒரே இருட்டு. ஃபோனிலை கறுப்பு வெள்ளையாப் படம் எடுத்துப் பாருங்கோ, சாம்பலுக்குப் பக்கத்திலை சாம்பல்தான் கிடக்கும். அதுதான் உங்கட குடிகாரன் காணாமல் போனவர். தேசிக்காய் மஞ்சளுக்குப் பக்கத்திலை நாவல்பழக் கலரை வையுங்கோ, வாசலிலை நிண்டே டிசைன் தெரியும். அந்தக் காலத்து நீலமும் வெள்ளையும் எடுபட்டதுக்கும் காரணம் இதுதான். துணி புதுசோ பழசோ பிரச்சினையில்லை. பூப்போட்டதோ, பத்திக்கோ, என்னத்தையும் போடுங்கோ. முதல் ரெண்டு குவியல், கலரைக் காலமை பாப்பம். சிவப்பை மட்டும் முதல் ஒருக்கால் தோய்ச்சுப் போடுங்கோ, சாயம் போனால் மஞ்சள் நாசம்.

உண்மையிலை நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறை: தைச்ச சதுரங்களை எப்பிடி அடுக்கிறது? ஒரு சதுரத்தை நாலு விதமாத் திருப்பலாம். நாலு சதுரத்தைச் சேத்தால் 256 விதம். 16 சதுரம் எடுங்கோ, பாதிக்கு அப்பளம் இருட்டு, பாதிக்குப் பாண் இருட்டு. தைக்காமல் நிலத்திலை பரப்பிப்போட்டு ஒரு பின்னேரம் முழுக்கத் திருப்பிக்கொண்டிருங்கோ. நான் அப்பிடிப் பரப்பி வைச்சிருக்க, பக்கத்து வீட்டுக் கோழி நடுவாலை போய் ரெண்டைக் கிளறிவிட்டுது. நான் அடுக்கினதைவிட அது நல்லா இருந்தது. அப்பிடியே தைச்சிட்டன், இப்ப என்ரை கட்டிலிலை கிடக்கு. உள்ளுக்குப் பஞ்சு வைக்கேல்லை, எங்கட வெக்கைக்குக் கீழை ஒரு பழைய பருத்திச் சாறி காணும்.

எல்லாச் சதுரத்தையும் ஒரேயடியாய்த் தைக்காதேங்கோ. நாலு தைச்சு, கறுப்பு வெள்ளைப் படம் அனுப்புங்கோ, சுருக்கம் இருந்தாலும் பரவாயில்லை. அடுத்த கேள்வி மல்லாவியிலையிருந்து ஒரு அன்ரி, பொபின் நூல் சிக்குதாம்.