299-இல் ஏன் நின்றது?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். நுகர்வு மோகத்தைச் சாடும் தெரு ஓவியம், எண் போட்டுக் கையெழுத்திட்ட அச்சுப் பிரதியாக விலைக்கு வந்தால் அதன் கூர்மை கூடுமா, மழுங்குமா? மழுங்கும் என்று சொல்ல வந்திருக்கிறோம்.

2008-இல் லண்டன் எசெக்ஸ் ரோட்டில், ஒரு மருந்துக்கடைச் சுவரில், முகம் காட்டாத தெரு ஓவியர் பேங்க்ஸி வரைந்த படம். சுவரில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த மின்கேபிள்தான் கொடிக்கம்பம். டெஸ்கோ என்ற பிரிட்டிஷ் சூப்பர் மார்க்கெட்டின் பை கொடியாக ஏறுகிறது. பிள்ளைகள் நெஞ்சில் கைவைத்து நிற்கிறார்கள். அதே மாதிரிப் பையைத் தூக்கிக்கொண்டு அந்த வழியாக நடந்தவருக்குச் சுருக்கென்று தைத்திருக்கும். பிறகு அது தாளில், ஸ்கிரீன் பிரிண்டிங் முறையில், கையெழுத்திட்ட 299 பிரதிகளாக வந்தது. தாளில் அந்தக் கேபிள் வெறும் கோடு.

"அச்சடிப்பதே பலரிடம் சேர்க்கத்தானே" என்றார் எதிரணித் தலைவர். ஐயா, ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறைக்குப் போய்ப் பாருங்கள். சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெஷ் என்ற வலைத்துணியில், ஒளி பட்டால் இறுகும் எமல்ஷன் பூச்சைப் பூசி, இருட்டில் காயவைத்து, மேலே படத்தைக் கறுப்பாக அச்சிட்ட கண்ணாடித்தாளை வைத்து ஒளி காட்டிக் கழுவினால் ஸ்கிரீன் தயார். நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன். மை காய்ந்து கண்ணி அடைத்தால் துடைத்துவிட்டுத் தொடரலாம். தாள் ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் அடுத்த நிறம் விளிம்பைத் தாண்டிவிடும். அந்தத் தாள் கழிவு. ஒழுங்காகத் தயாரித்த ஸ்கிரீன் ஆயிரக்கணக்கில் அடிக்கும். நம் ஊர்க் கல்யாணப் பத்திரிகை அடிப்பவருக்கும் இது தெரியும். பிறகு ஏன் 299-இல் நிறுத்த வேண்டும்? சரக்கைப் பதுக்கி விலை ஏற்றும் வியாபாரியின் கணக்குத்தான் இது.

பிரதி அசல்தான் என்று சொல்லும் சான்றிதழைப் பாருங்கள். அதை வழங்குவது பெஸ்ட் கண்ட்ரோல் என்ற அவருடைய அலுவலகம். இளவரசி டயானா முகம் அச்சிட்ட போலிப் பத்துப் பவுண்டு நோட்டைக் குறுக்கே கிழித்து, ஒரு பாதியைச் சான்றிதழோடு ஸ்டேப்பிள் அடிக்கிறார்கள். குறுக்கே கையால் எழுதிய எண்ணின் மறுபாதி அலுவலகத்தில் இருக்கும். இரண்டும் பொருந்தினால்தான் மதிப்பு.

"கேலியை ரசித்துத்தான் வாங்குகிறார்கள்" என்கிறார்கள். 2013 அக்டோபரில் நியூயார்க் சென்ட்ரல் பார்க் ஓரம் ஒரு முதியவரை உட்காரவைத்து, தன் அசல் கேன்வாஸ்களையே தலா 60 டாலருக்கு விற்கவைத்தார் பேங்க்ஸி. பேங்க்ஸி படங்கள் என்ற அறிவிப்பும் சான்றிதழும் கிடையாது. முதலில் வாங்கியவர் பேரம் பேசிப் பாதி விலைக்கு இரண்டு எடுத்துப்போனார். அன்று முழுக்க விற்றவை 8; கல்லாவில் சேர்ந்தது 420 டாலர். அங்கே வைத்திருந்ததும் அதே கைவேலைதானே, நடுவர் அவர்களே? மற்றவர்கள் ஏன் நிற்காமல் போனார்கள் என்பதற்கு எதிரணி பதில் சொல்லட்டும்.