அழகர்மலை மரவட்டைக்கு அமெரிக்கப் பெயரா?

வணக்கம் மக்களே. இன்றைக்குக் கொஞ்சம் கோபமாகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஐப்பசி மழை விட்ட மறுநாள், வழக்கம்போல அழகர்மலைக்குப் போனேன். பழமுதிர்சோலை தாண்டி நூபுர கங்கைக்கு ஏறும்போது, ஈரச் சருகுக்குள் ஒரு மரவட்டை. வீட்டுச் சுவரில் ஊருகிற உருண்டை ரயில் பூச்சி இல்லை. தட்டை முதுகு, கரிய உடம்பு, இரண்டு ஓரத்திலும் வரிசையாக மஞ்சள் பொட்டு. அவ்வளவு அழகு!

படத்தைப் பார்த்துப் பூச்சியின் பெயர் சொல்லும் ஆப்பில் போட்டால் 'ஹார்பாஃபே ஹேடனியானா' என்கிறது. அது வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரக் காட்டில் வாழ்வது! மஞ்சள் பொட்டு இருந்தால் போதுமா? எந்த ஊரில் எடுத்த படம் என்று பார்க்க வேண்டாமா?

சரி, நாமே பார்ப்போம் என்று லென்ஸை எடுத்தேன். போன வீடியோவில் காட்டினேனே, டவுன் ஹால் ரோட்டில் 650 சொன்னதை அரை மணி நேரம் பேசி 420க்கு வாங்கியது. இரண்டாம் நாளே கிளிப் உடைந்தது. மாற்றித் தர முடியாது என்று கடைக்காரர் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். 420 ரூபாய் மக்களே! இப்போது ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருக்கிறேன். ஆனால் கண்ணாடி தங்கம்.

தலையை விட்டு எண்ணினால், வால் நுனியோடு 20 வளையம். இது பாலிடெஸ்மிடா வரிசை, அதாவது தட்டை முதுகு மரவட்டைகளின் பெரும்பிரிவு. இந்த வரிசையில் எதற்குமே கண் கிடையாது. மரவட்டைக்கு ஒரு வளையத்துக்கு இரண்டு ஜோடிக் கால், பூரானுக்கு ஒரு ஜோடி. ஆ, சொல்ல மறந்துவிட்டேன்: மரவட்டையிலும் முதல் வளையத்துக்குக் காலே இல்லை, அடுத்த மூன்றுக்கு ஒவ்வொரு ஜோடிதான்.

டிபன் பாக்ஸின் கண்ணாடி மூடியில் விட்டு அடியிலிருந்து பார்த்தேன். ஏழாவது வளையத்தில் முன் ஜோடிக் கால் இல்லை! அந்த இடத்தில் கொக்கி மாதிரி இரண்டு சின்ன உறுப்பு, இனச்சேர்க்கைக்காகக் கால் மாறி வந்தது. ஆண்! இனம் பிரிப்பதே பெரும்பாலும் இந்த உறுப்பின் வடிவத்தை வைத்துத்தான். நிறத்தை நம்பிப் பெயர் வைத்தால் ஏமாந்துபோவோம்.

அப்புறம், கையில் பாதாம் எசன்ஸ் வாசனை. முகர்ந்து பார்க்காதீர்கள். இந்த வகையில் பல, சீண்டினால் ஹைட்ரஜன் சயனைடு என்ற நச்சு வாயுவை விடும். கூட வரும் பென்சால்டிஹைடின் வாசனைதான் அது. சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிடுங்கள்.

எடுத்த சருகிலேயே விட்டுவிட்டேன். நத்தம், சிறுமலைப் பக்கம் இதே மாதிரி பார்த்தால் மிதிக்காமல், ஏழாவது வளையத்தை அடியிலிருந்து படம் எடுத்து அனுப்புங்கள். ஊர்ப் பெயரையும் போடுங்கள்.