ஈ.ஆர்.பி.யில் எல்லாம் ஓகே, ஆனாலும் சரக்கு திரும்பி வருகிறதே?

அடுத்த கேள்வி ஒரு தொழிற்சாலையின் குவாலிட்டி பிரிவில் வேலை செய்பவரிடமிருந்து. "ஈ.ஆர்.பி. (வாங்குவது, தயாரிப்பு, ஸ்டாக் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பதியும் சாஃப்ட்வேர்) போட்டு ஆறு மாதம் ஆகிறது. இன்ஸ்பெக்‌ஷன் எல்லாம் சிஸ்டத்தில் ஓகே என்றுதான் இருக்கிறது. ஆனால் கஸ்டமர் ரிஜெக்‌ஷன் குறையவில்லை. தவறு சாஃப்ட்வேரிலா, எங்களிடமா?"

நல்ல கேள்வி. முதலில் ஒன்று பாருங்கள்: அந்த என்ட்ரியை எப்போது போடுகிறார்கள்? ஷிஃப்ட் முடியும்போது மொத்தமாக உட்கார்ந்து போடுகிறார்கள் என்றால், அது நடந்து முடிந்ததற்கு எழுதும் கணக்கு. பாகம் அதற்குள் இரண்டு மெஷின் தாண்டிப் போயிருக்கும்.

சாஃப்ட்வேர் தரத்தைக் காப்பது ரிப்போர்ட்டால் இல்லை, வழியை மறிப்பதால்தான். மூலப்பொருள் வந்து ஜி.ஆர்.என். (சரக்கு வந்து சேர்ந்ததற்கான பதிவு) போட்டதும், அந்த ஸ்டாக் 'பரிசோதனையில்' என்ற நிலையில் நிற்க வேண்டும். குவாலிட்டி ஆள் விடுவித்தால்தான் ஒர்க் ஆர்டருக்கு, அதாவது தயாரிப்புக்கு, இஷ்யூ ஆக வேண்டும். பல இடங்களில் அவசரத்துக்காக இந்த செட்டிங்கை அணைத்து வைத்திருக்கிறார்கள். அப்புறம் லேப் ரிசல்ட் வருவதற்குள் பொருள் மெஷினில் ஏறிவிடுகிறது.

தயாரிப்பு நடக்கும்போதும் இதே வேலைதான். ரூட்டிங்கில், அதாவது பாகம் எந்த வரிசையில் எந்த வேலைகளைக் கடக்கிறது என்ற பட்டியலில், ஆய்வையும் ஒரு ஆபரேஷனாகச் சேருங்கள். எல்லா இடத்திலும் வேண்டாம், தவறினால் சரிசெய்ய முடியாத இடங்களில் மட்டும் போதும். அதிகமாக வைத்தால் ஆட்கள் அளக்காமலே நிரப்ப ஆரம்பித்துவிடுவார்கள்.

இன்னொன்று, 'ஓகே' என்று டிக் போட விடாதீர்கள். அளவையே பதியச் சொல்லுங்கள். 25 மில்லிமீட்டர் விட்டம், கூடவோ குறையவோ 0.02 வரை போகலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 25.002, 25.008, 25.013, 25.018 என்று வரிசையாக வந்தால் நான்குமே ஓகேதான். ஆனால் டூல் தேய்கிறது, அடுத்த பாகம் வெளியே போய்விடலாம் என்று அந்த எண்கள் சொல்கின்றன. டிக் மார்க்கில் இது தெரியவே தெரியாது.

இப்போது பலர் கவனிக்காத இடம்: பேக்ஃப்ளஷ். தயாரித்து முடித்த எண்ணிக்கையைப் போட்டதும், பி.ஓ.எம். (ஒரு பொருளுக்கு எந்த மூலப்பொருள் எவ்வளவு என்ற பட்டியல்) கணக்குப்படி மூலப்பொருளை சிஸ்டம் தானாகக் கழித்துக்கொள்ளும். வேலை மிச்சம்தான். ஆனால் எந்த பேட்ச் என்பதையும் அதுவே தேர்ந்தெடுக்கும்படி வைத்திருந்தால், பெரும்பாலும் ஸ்டோரில் பழையதை எடுத்து எழுதிக்கொள்ளும். மெஷினில் உண்மையில் ஏறியது வேறு பேட்சாக இருக்கலாம். கஸ்டமர் புகார் வரும்போது சிஸ்டம் காட்டும் பேட்சை நம்பி நல்ல சரக்கை நிறுத்துவீர்கள், கெட்டது போய்க்கொண்டே இருக்கும். கூடுதலாகப் போன ஸ்கிராப்பும் இதில் மறைந்துவிடும், ஸ்டாக் எண்ணும் நாளில்தான் வெளியே வரும். போல்ட், வாஷருக்கு பேக்ஃப்ளஷ் இருக்கட்டும். முக்கியமான மூலப்பொருளுக்கு பார்கோடு ஸ்கேன் செய்துதான் இஷ்யூ செய்ய வேண்டும் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

நாளைக்கே ஒன்று செய்யுங்கள். கிடங்கில் ஏதாவது ஒரு பெட்டியை எடுங்கள். அதன் பேட்ச் எண்ணைப் போட்டு, எந்த மூலப்பொருள், எந்த மெஷின், யார் அளந்தது என்று பின்னோக்கிப் போங்கள். பிறகு அதே மூலப்பொருள் வேறு எந்தெந்தப் பெட்டிகளுக்குப் போனது என்று முன்னோக்கி வாருங்கள். எங்கே நூல் அறுகிறதோ, அங்கேதான் உங்கள் செட்டிங்கைத் திருத்த வேண்டும்.